ஆறா, திண்ணையா, திரையா? டெல்டாவில் புவியியல் படிக்கிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

பொங்கல் முடிந்து கல்லூரி திறந்ததும் எனக்கு இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். இந்த வருடம் முதலில் கேட்டது திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பெண். பி.எஸ்சி. புவியியல், மூன்றாம் ஆண்டு. "அக்கா, ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு கொடுக்கச் சொல்லிட்டாங்க. எம்.எஸ்சி.க்கும் யோசிக்கணும். பிசிகல் எடுக்கவா, ஹ்யூமன் எடுக்கவா, பேசாம ஜிஐஎஸ் பக்கம் போயிடவா?" அடுத்த வாரம் கும்பகோணத்திலிருந்து ஒரு பையன், அதே கேள்வி. போனை வாங்கி அவனுடைய அப்பா கேட்டது மட்டும் வேறு: "இதப் படிச்சா வாத்தியார் வேலையத் தவிர என்னம்மா இருக்கு?"

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

இளநிலைப் படிப்பில் மூன்றுமே பாடமாக வரும். நிலத்தோற்றம், தட்பவெப்பம், மண், கடல் என்று ஒரு பக்கம், அதுதான் பிசிகல். மக்கள்தொகை, குடியிருப்பு, வேளாண்மை, ஊர், நகரம் என்று இன்னொரு பக்கம், அது ஹ்யூமன். வரைபடம், தொலையுணர்வு (செயற்கைக்கோள் படங்களைப் படிப்பது), ஜிஐஎஸ் (இடம் சார்ந்த தகவலைக் கணினியில் வரைபடமாக்கி ஆராய்வது) எல்லாம் செய்முறை வகுப்பில். பாதை பிரிவது கடைசிப் பருவத்து ப்ராஜெக்ட்டில்தான். எம்.எஸ்சி. நேர்காணலில் முதலில் கேட்பதும் அதைப் பற்றித்தான். அதனால் "ஏதாவது ஒரு தலைப்பு" என்று விட்டுவிடக் கூடாது.

## எதை வைத்து முடிவெடுப்பது

எது பிடிக்கும் என்று கேட்டுப் பயனில்லை. மூன்று நாள் களப்பயணத்தில் பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு போனதை வைத்து எல்லோருக்கும் எல்லாமே பிடித்திருக்கும். நான் கேட்பது வேறு.

முதல் கேள்வி காலம். நீங்கள் பார்க்க வேண்டிய பொருள், ப்ராஜெக்ட் நடக்கும் டிசம்பரிலிருந்து ஏப்ரலுக்குள் பார்க்கக் கிடைக்குமா? அப்புறம் பணம்: கட்டணத்தை விடுங்கள், அரசுக் கல்லூரியில் அது பெரிய தொகை இல்லை, களத்துக்குப் போய்வர, கருவிக்கு, கணினிக்கு என்ன ஆகும்? மூன்றாவது, இந்த வேலையின் சாதாரண நாள் எப்படி இருக்கும்? சேற்றில் நிற்பது, அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்வது, எட்டு மணி நேரம் திரையைப் பார்ப்பது. இந்த மூன்றில் எது உங்களால் முடியும்? நான்காவது, கணக்கு எவ்வளவு, எழுத்து எவ்வளவு. கடைசியாக, வேலை கிடைக்கும்வரை உங்கள் வீடு எத்தனை வருடம் பொறுக்கும்? புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் வரும் 1,000 ரூபாய் இளநிலையோடு நின்றுவிடும் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## ஆறு: இயற்கைப் புவியியல்

படிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பாடப்புத்தகத்தில் ஆறு என்றால் கிளைகள் வந்து சேர்ந்து கடலை நெருங்க நெருங்க அகலமாகும். நம் ஊரில் எல்லாம் தலைகீழ். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்துகொண்டே போய், பூம்புகாரில் கடலைத் தொடும்போது காவிரி வாய்க்கால் மாதிரி இருக்கும். வெள்ளத்தைச் சுமக்கிற வேலை கொள்ளிடத்துடையது. வேதாரண்யம் பக்கம் போனால் கடற்கரைக்கு இணையாக மணல்மேடுகள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் கரையாக இருந்து, கடல் பின்வாங்கியபோது உள்ளே தங்கிப்போனது. 2018ஐ மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தபோது முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் உடைந்தன. நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறி பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. ஒரே ஆண்டில் ஆறும் காற்றும்.

ஆனால் காலக் கேள்வியில் இந்தப் பாதை இடறும். என் சொந்தக் கதையே சாட்சி. இளநிலையில் குடமுருட்டியின் கரை அரிப்பை எடுத்தேன். தலைப்பு ஒப்புதலாகி, துறையிலிருந்து அளவு நாடா கைக்கு வந்தபோது பிப்ரவரி. நீர் இருப்பு இருக்கிற ஆண்டுகளில் மேட்டூர் ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள் என்பது சின்ன வயதிலிருந்து கேட்ட செய்தி. எனக்கு ஏனோ அது நினைவுக்கு வரவில்லை. நான் இறங்கிய நாளில் ஆற்றின் நடுவில் பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். கரை அரிப்பு பற்றிய என் ஆய்வில் ஓடுகிற தண்ணீரை அளந்த ஒரு பக்கம்கூட இல்லை. வாய்மொழித் தேர்வு நடத்தியவர் அதைத்தான் கேட்டார்.

வடகிழக்குப் பருவமழையும் அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஆகவே ஆறு, மழை, வெள்ளம் என்று எடுப்பவர் இரண்டாம் ஆண்டு முடியும்போதே தலைப்பை முடிவு செய்து, ஜூனிலிருந்து தாமாகவே குறிப்பெடுக்க வேண்டும். மூன்றாம் ஆண்டு ஜனவரியில்தான் முழித்துக்கொள்கிறீர்கள் என்றால் உங்களுக்கு மிச்சம் இருப்பது மண், நிலத்தடி நீர், உப்பு, கடற்கரை. இவை கோடையில் இன்னும் நன்றாகத் தெரியும். கடலோரக் கிணற்றில் உப்பு ஏறுவதைப் பார்க்க மார்ச், ஏப்ரல்தான் சரியான காலம்.

கண்ணுக்குத் தெரியாத செலவு துணைக்கு ஆள். ஆற்றுப் படுகைக்குத் தனியாகப் போகாதே என்று பெண் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்வார்கள். மணல் அள்ளும் இடங்கள் பக்கத்தில் இருந்தால் பையன்களுக்கும் அதையே சொல்வேன். அப்பா கூட வந்தால் அவருடைய ஒரு நாள் கூலி போச்சு. பத்து நாள் களம் என்றால் பத்து நாள் கூலி. இதை யாரும் ப்ராஜெக்ட் செலவில் எழுதுவதில்லை. இன்னொன்று, தரவுக்கு அலைவது. நீர் அளவு விவரத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்து, ஐந்தாம் முறை போனபோது அந்த எழுத்தர் மாற்றலாகிப் போயிருந்தார். துறைத் தலைவரின் கடிதத்தை மூன்று நகல் எடுத்துக் கையிலேயே வைத்திருங்கள். மண் பரிசோதனைக்கு மட்டும் கவலையில்லை. வேளாண் துறையின் நிலையங்களில் குறைந்த கட்டணத்தில் பார்த்துக் கொடுப்பார்கள்.

வேலை? ஜியாகிரபியும் ஜியாலஜியும் ஒன்று என்று நினைத்து வருகிறவர்களை வருடத்துக்கு ஒருவரையாவது பார்க்கிறேன். நிலவியலாளர் பணியிடங்களுக்கு நிலவியல் பட்டம்தான் கேட்பார்கள், புவியியல் செல்லாது. இயற்கைப் புவியியல் மட்டும் வைத்துக்கொண்டு நேராக நுழைய உள்ள கதவுகள் குறைவு. பேரிடர் மேலாண்மை, நீர்வளத் திட்டங்கள், ஆராய்ச்சி என்று போகலாம், ஆனால் எம்.எஸ்சி. வேண்டும், கையில் ஜிஐஎஸ்ஸும் வேண்டும். பொறுக்க முடிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கான பாதை இது.

## திண்ணை: மனிதப் புவியியல்

இங்கே நான் கொஞ்சம் பட்சபாதமாகத்தான் எழுதுவேன். எம்.எஸ்சி.யில் இந்தப் பக்கம் மாறினேன்.

தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமங்களைத் தேடி உலகத்தார் வந்திருக்கிறார்கள். கேத்லீன் கஃப் 1950களின் தொடக்கத்தில் வந்து தங்கினார். பத்து வருடம் கழித்து ஆந்த்ரே பெத்தேய் வந்தார். இருவரும் மானிடவியல், சமூகவியல்காரர்கள். ஆனால் அக்கிரகாரம் எங்கே, குடியானத் தெரு எங்கே, சேரி எங்கே, யாருடைய நிலம் எந்த வாய்க்காலில் என்று அவர்கள் குறித்து வைத்தது அச்சு அசலாகக் குடியிருப்புப் புவியியல்தான். இருவருமே ஊரின் உண்மைப் பெயரை மறைத்து, கும்பாப்பேட்டை, ஸ்ரீபுரம் என்று புனைபெயர் வைத்தார்கள். ஏன் மறைத்தார்கள் என்பது நீங்கள் முதல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த அரை மணியில் புரிந்துவிடும்.

கேள்வித்தாளை எடுத்து வைத்து, "வணக்கம்மா, காலேஜிலேர்ந்து வர்றோம்" என்று தொடங்குவீர்கள். தண்ணீர் கொடுப்பார்கள். பிறகு அவர்கள் கேள்வி வரும்: "எந்த ஊரு? அந்த ஊருல எந்தத் தெரு? யாரு வீட்டுப் புள்ள?" மூன்றாவது கேள்விக்குப் பதில் சொன்னதும் பேச்சின் தொனி மாறும். சில வீட்டில் நாற்காலி வரும். சில வீட்டில் திண்ணையோடு சரி. இந்தப் பாதையின் பெரிய செலவு இதுதான், ரசீது கிடையாது. உங்கள் தெருவைப் பொறுத்து ஊரின் பாதி உங்களிடம் பேசும், மறுபாதி பேசாது. அதை ஆய்வேட்டில் மறைக்காமல் எழுதுவதுதான் நேர்மை. இருவர் சேர்ந்து, வெவ்வேறு தெருக்காரர்களாகப் போனால் கொஞ்சம் ஈடுகட்டலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

இன்னொரு சங்கடம், எதிர்பார்ப்பு. கடலோரக் கிராமங்களில் 2004 சுனாமிக்கும் கஜாவுக்கும் பிறகு காகிதத்தோடு வருகிறவர்கள் எல்லோரும் நிவாரணத்துக்கு எழுத வந்தவர்களாகத் தெரியும். "இதுல பேரு எழுதினா வீட்டுக்குப் பணம் வருமாம்மா?" என்று ஒரு பாட்டி கேட்டதற்கு "வராது பாட்டி" என்று சொல்லிவிட்டு அதே பாட்டியிடம் நாற்பது கேள்வி கேட்பது எளிதில்லை.

காலம் மட்டும் முழுக்க உங்கள் பக்கம். தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்து களம் காலியாகும்; மாலை நான்கு மணிக்கு மேல் பேச ஆள் இருப்பார்கள். தலைப்புக்கும் பஞ்சமில்லை. தண்ணீர் கடைமடைக்கு எந்தத் தேதியில் வருகிறது, அதை யார் திறந்துவிடுகிறார்கள். நடவு மெஷின் வந்த பிறகு நடவுப் பெண்கள் எந்த வேலைக்குப் போனார்கள். சுனாமிக்குப் பிறகு கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டிய குடியிருப்பிலிருந்து மீனவர் படகுக்கு எப்படிப் போய்வருகிறார்கள். வெண்கலச் சிலை வார்க்கிற சுவாமிமலைக்குப் போங்கள். மெழுகு உருவத்தின்மேல் ஸ்தபதி பூசுகிற முதல் பூச்சு காவிரியின் வண்டல். விரலில் தேய்த்துப் பார்த்தால் மாவு மாதிரி இருக்கும். மெழுகில் இருக்கும் நகக்கீறலைக்கூட அது பிடித்துக்கொள்ளும். ஒரு தொழில் அந்த ஊரில் வேரூன்ற மண்ணும் ஒரு காரணம் என்பதை இதைவிடக் கிட்டத்தில் பார்க்க முடியாது. பிசிகல், ஹ்யூமன் என்று நாம் பிரித்து வைத்திருப்பதெல்லாம் அந்தப் பட்டறை வாசலோடு சரி.

கைப்பணம் குறைவு. பஸ், நகல், டீ. நகரப் பேருந்து போகும் ஊராக எடுத்தால் பெண்களுக்குப் பயணமும் இலவசம். கணக்கு கொஞ்சம்தான், புள்ளியியல் வரும். செலவாவது நேரமும் மொழியும். ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத ஐந்து மணி நேரமாவது ஆகும். அது தஞ்சாவூர்த் தமிழில் இருக்கும். ஆய்வேட்டைப் பல துறைகளில் ஆங்கிலத்தில் கேட்பார்கள். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் இங்கேதான் திணறுகிறார்கள். களத்தைப் பார்த்து பயப்படாதவர்கள் இரண்டாம் அத்தியாயத்தைப் பார்த்து அழுததைப் பார்த்திருக்கிறேன்.

வேலை என்று பார்த்தால் பி.எட்., தகுதித் தேர்வு, முதுநிலை ஆசிரியர் தேர்வு, கல்லூரி ஆசிரியருக்கான நெட், போட்டித் தேர்வுகள். குரூப் தேர்வுகளின் பொது அறிவில் புவியியல் வரும், யூ.பி.எஸ்.சி.யில் விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம். நகரமைப்பு முதுகலைக்குப் புவியியல் முதுகலையை ஏற்கும் நிறுவனங்களும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. எல்லாமே காத்திருப்பு வேலைகள். அறிவிப்பு எப்போது வரும் என்று வருடக்கணக்கில் இருக்க வேண்டியிருக்கும்.

## திரை: தொலையுணர்வும் ஜிஐஎஸ்ஸும்

1808இல் வில்லியம் லாம்டன் நில அளவைக்காகத் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தின்மேல் தன்னுடைய பெரிய தியோடலைட்டை, அதாவது கோணம் அளக்கும் கருவியை, ஏற்றினார். சுமார் அரை டன் எடை. கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கிவிட்டது. அவரே உட்கார்ந்து சரிசெய்தார். இன்று அந்த விமானத்தைப் படம் பிடிக்க நீங்கள் நாற்காலியை விட்டு எழ வேண்டாம். க்யூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972இலிருந்து இருக்கின்றன, இலவசம். சென்டினல் 2 ஐந்து நாளைக்கு ஒருமுறை, 10 மீட்டர் துல்லியத்தில், அதுவும் இலவசம். இஸ்ரோவின் புவன் என்ற இணைய வரைபடத் தளம் இருக்கிறது. டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையத்தில் கட்டணமில்லாமல் பாடம் நடத்துகிறது. முப்பதாயிரம், நாற்பதாயிரம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தரும் தனியார் மையங்களில் சேரும்முன் இவற்றை முடித்துவிடுங்கள்.

இனி டெல்டாக் கணக்குக்கு வருவோம். ஒரு மா என்பது 100 குழி, கிட்டத்தட்ட 1,340 சதுர மீட்டர். சென்டினல் படத்தில் ஒரு புள்ளி (பிக்சல்) 100 சதுர மீட்டர். ஆக, ஒரு மா நிலம் பதிமூன்று புள்ளி. அதிலும் வரப்போரப் புள்ளிகளில் பக்கத்து வயலும் கலந்திருக்கும். லேண்ட்சாட்டில் ஒன்றரைப் புள்ளிதான். வேலிக்கணக்கில் (ஒரு வேலி 20 மா) நிலம் உள்ள இடத்தில் படம் பேசும். இரண்டு மா, மூன்று மா என்று துண்டுபட்ட இடத்தில் தடுமாறும். அதைவிடப் பெரிய தொல்லை, சம்பா பயிர் வளரும் அக்டோபர், நவம்பரில் டெல்டாவின் மேல் மேகம். ஐந்து நாளைக்கு ஒரு படம் வந்தாலும் எல்லாமே வெள்ளைப் பஞ்சு. மேகத்தை ஊடுருவும் ரேடார் படம் உண்டு, சென்டினல் 1. நீர் நிற்கும் வயலை அது அழகாகக் காட்டும். ஆனால் அதைப் படிக்க இயற்பியலும் கணக்கும் ஓரளவு வர வேண்டும். பிளஸ் டூவில் கலைப்பிரிவு எடுத்து வந்தவர்கள் இங்கே கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். முடியாதது இல்லை, ஆறு மாதம் தனியாக வேண்டும்.

திரையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் என்னிடமே உதாரணம் இருக்கிறது. வேதாரண்யம் வட்டத்தில் நீர் தேங்கிய நெல்வயல் என்று நான் பச்சையாக நிறம் கொடுத்த கட்டங்களை ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்தேன். சக்கரங்கள் தண்ணீரை அடித்துச் சுழன்றுகொண்டிருந்தன. இறால் பண்ணை.

மறைந்த செலவு இரண்டு. ஒன்று மடிக்கணினி. 8 ஜிபி நினைவகத்தில் வேலை ஓடும், ஆனால் பெரிய படத்தை ஏற்றினால் மின்விசிறி கத்தும். இன்னொன்று, வேலை இருக்கும் ஊர். முதல் வேலை பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, ஐதராபாத்தில். படத்தைப் பார்த்து வீட்டுக் கூரைக்கும் ரோட்டுக்கும் நாளெல்லாம் கோடு இழுக்கிற வேலை. சம்பளத்தில் பெரும் பங்கு விடுதிக்குப் போகும். இரண்டு வருடம் தாக்குப்பிடித்து, பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டவர்கள் மேலே போயிருக்கிறார்கள். கற்றுக்கொள்ளாதவர்கள் இன்னும் கோடு இழுக்கிறார்கள். ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் பொறியியல் படித்தவர்களோடு போட்டி என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் மூன்று பாதைகளில் சீக்கிரம் சம்பளம் வருவது இதில்தான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| | ஆறு | திண்ணை | திரை |
|---|---|---|---|
| ஜனவரியில் தொடங்கினால் | ஆறு, மழை முடியாது; மண், உப்பு முடியும் | மிகப் பொருத்தம் | எப்போதும் முடியும்; சம்பா பருவப் படங்களில் மேகம் |
| கைப்பணம் | நடுத்தரம் | குறைவு | கணினி இருந்தால் குறைவு |
| எழுதாத செலவு | துணை வருபவரின் கூலி, தரவுக்கு அலைச்சல் | தெரு, சாதி, எதிர்பார்ப்பு. ஆங்கில எழுத்து | வெளியூர் வாடகை, கண், கூடுதல் கணக்கு |
| முதல் சம்பளம் | தாமதம் | தேர்வு அறிவிப்பைப் பொறுத்தது | விரைவு, ஆனால் சிறிது |

## யாருக்கு எது

வீட்டில் உடனே ஒரு சம்பளம் தேவை, வெளியூர் போகத் தடையில்லை என்றால் திரை. மறுபேச்சே இல்லை. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் புவியியலும் தொலையுணர்வும் தனித்தனித் துறைகள். விண்ணப்பத்தில் எதைத் தட்டுகிறோம் என்று பார்த்துத் தட்டுங்கள். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்திலும் தொலையுணர்வு இருக்கிறது.

ஊரை விட்டுப் போக முடியாது, கல்யாணமோ வயதான பெற்றோரோ காரணம் என்றால் திண்ணை. பி.எட். முடித்துக்கொண்டு, தேர்வுக்குப் படித்தபடி, களத்தையும் தொடரலாம். வாசிப்பும் எழுத்தும் பிடித்தவர்களுக்கும் இதுதான்.

ஆராய்ச்சிவரை போவேன், நாலைந்து வருடம் வீடு கேட்காது, வெயில் பிரச்சினையில்லை என்றால் ஆறு. ஆனால் ஜூனிலேயே தொடங்குங்கள்.

இளநிலை மாணவர்களுக்கு நான் சொல்வது கலப்படம். ப்ராஜெக்ட்டைக் காலால் நடந்து செய்கிற ஒன்றாக எடுங்கள்; ஜிஐஎஸ்ஸை அதில் ஒரு வரைபடம் போடுகிற அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். மென்பொருளை எந்த ஊரிலும் எந்த வயதிலும் படிக்கலாம். மடைக்கு மடை ஆளைத் தெரிந்த ஊரில் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவது வீண். தொழில்நுட்பம் கற்றுத் தரும் நண்பர் ஒருவர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். முதலில் கருவி, பிறகு களம் என்பது அவர் கட்சி. இருக்கட்டும்.

கும்பகோணத்து அப்பாவுக்கு: வாத்தியார் வேலையைத் தவிர வேறு இருக்கிறது, ஆனால் அது ஊரில் இல்லை. பையனை வெளியே அனுப்ப மனசு இருந்தால் சொல்லுங்கள், ஜிஐஎஸ் பக்கம் அனுப்பலாம்.

திருத்துறைப்பூண்டிப் பெண் முடிவு செய்துவிட்டாள். அவள் ஊர் கடைமடை. கடந்த பத்து வருடத்தில் எந்த வருடம் எந்தத் தேதியில் தண்ணீர் வந்தது என்று வாய்க்கால் வாய்க்காலாகக் கேட்டு, கிராம வரைபடத்தில் குறிக்கப் போகிறாள். தேதிக்கு ஆவணம் கிடைக்காத இடத்தில் அவளுடைய அப்பாயி இருக்கிறார். ஆடிப்பெருக்குக்கு வாய்க்காலில் தண்ணீர் இருந்த வருடம், குழாயடியில் பூசை செய்த வருடம் என்று அவருக்குக் கணக்கு இருக்கிறதாம். நேற்று கேள்வித்தாளை அனுப்பியிருந்தாள். நாற்பத்திரண்டு கேள்வி. இருபதாகக் குறைத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.